பன்னிரண்டும் எட்டில் பாதியும்

1982 டிசம்பர் 9, வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்து, அடைமழை. ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின்மேல் மண் சரிந்து, இருபது பேர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். மூன்று நாளைக்கான கோதுமை மாவை அளந்து கொடுத்தது ஸ்டோர் கிளார்க்கான நான். பெரியவருக்கு ஒரு கிலோ, பிள்ளைக்கு அரைக் கிலோ.

பெரியவர்கள் பன்னிரண்டு, பிள்ளைகள் எட்டு. புதுக் கல்குலேட்டரில் பன்னிரண்டைத் தட்டி, எட்டைக் கூட்டி, இரண்டால் வகுத்தேன். பத்து என்று காட்டியது.

"ஐயா, புள்ளைகளுக்குத்தானே பாதி? எங்களையும் ஏன் பாதியாக்குறீங்க?" என்றாள் கொழுந்து பறிக்கும் லெட்சுமி.

"மெசினைவிட உனக்குக் கணக்குத் தெரியுமோ?"

"மெசினுக்குப் பசிக்காதுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் பத்துக் கிலோவை மட்டும் கொடுத்து, ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் காகிதத்தில் போட்டதும் பதினாறு வந்தது. வகுத்தல் முதலில், கூட்டல் பிறகு என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தவன் நான். ஆனாலும் திரும்பிப் போய்ப் பூட்டைத் திறக்க என் வீம்பு விடவில்லை.

சனிக்கிழமைதான் மிச்ச மாவோடு போனேன். பிள்ளைகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கல்குலேட்டரைத் திட்டிப் பயனில்லை; நான் தட்டிய வரிசையில்தான் அது கணக்குப் போட்டது. என்மேல் உள்ள ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை. ஆறு கிலோ மாவு, பன்னிரண்டு பேர், இரண்டு நாள் அரைப்பட்டினி.