பூவின் மேல் வைத்த கை

எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கதையில் அண்ணன்மார் ஏழு பேர். சிம்மக்கல்லில் வெல்லக்கடை வைத்திருக்கும் என் நண்பன் அவனுடைய அம்மாவிடம் கேட்ட கதையில் மூன்றே பேர். இரண்டிலும் தங்கை ஒருத்திதான். அண்ணன்மார் வெளியூர் போன சமயம் பார்த்து அண்ணிமார் அவளைக் கொன்று புதைக்கிறார்கள். அந்த இடத்தில் எங்களுக்கு முளைப்பது மல்லிகைக் கொடி, அவனுக்கு மாதுளை மரம். எண்ணிப் பார்த்ததில் ஒன்பது வேறுபாடுகள் தேறின. எட்டைப் பொறுத்துக்கொள்வேன். ஒன்பதாவது, முடிவு. எங்கள் கதையில் சின்ன அண்ணன் பூவைத் தொட்டதும் தங்கை உயிரோடு எழுந்து வருவாள். அவன் கதையில் வரமாட்டாள். மரம் பேசும், அழும், மரமாகவே நின்றுவிடும்.

"செத்த பிள்ளை எப்பிடி மாப்ள வரும்?" என்பான்.

"மரம் பேசலாம், பிள்ளை வரக் கூடாதா? நல்லா இருக்குடா உன் நியாயம்!"

அப்போது சின்னப் பெண்ணாக இருந்த என் மகள் அவன் கடை வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து அதட்டுவாள்: "சண்டை போடாம சொல்லுங்க. உம் கொட்டுறது நான்தானே?"

ஒவ்வொரு வரிக்கும் கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அதில் மட்டும் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வேறுபாடில்லை.

வளர்ந்து, பனி பெய்யும் தேசத்துக்கு வேலைக்குப் போனவள் அங்கிருந்து போனில் சொன்னாள்: "அப்பா, இங்க உள்ள கதையில அண்ணன்மாருதான் பறவையா மாறுறாங்க. தங்கச்சி வாயே தொறக்காம இருந்து அவங்களை மீட்குறா."

"எத்தனை அண்ணன்?"

"ஊருக்கு ஊரு மாறுதுப்பா. ஒண்ணுல ஏழு, ஒண்ணுல பன்னெண்டு."

"ஏழையே வச்சுக்க."

சிரித்தாள். அங்கே பிள்ளைகள் உம் கொட்டுவதில்லையாம்.

"அப்பறம் கதை எப்பிடி நகரும்?"

"அது பாட்டுக்கு நகருதுப்பா."

போன தையில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். மருமகன் சாம்பலைத்தான் கொண்டுவந்தார். வைகையில் கரைத்தோம்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் குறைந்த பிறகு, ஒரு மத்தியானம் நண்பன் வந்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஆரம்பித்தான்.

"ஒரு ஊர்ல ஏழு அண்ணன்மாரு."

ஏழு என்றான். நான் உம் கொட்டினேன். மாதுளையை விட்டு மல்லிகைக்கு வந்தான். உம். தன் கதையை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தபடியே வந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டும் முடிந்தது.

"சின்ன அண்ணன் அந்தப் பூவு மேல கைய வச்சான்..."

நிறுத்தி என்னைப் பார்த்தான். இந்த முடிவுக்காகத்தான் அவனோடு அத்தனை காலம் மல்லுக்கட்டினேன்.

"உம் கொட்டு மாப்ள. பிள்ளை வரட்டும்."

உதட்டை மூடித் திறந்தேன். சத்தம் வரவில்லை. நான் கொட்டாமல் அவனும் மேலே சொல்லமாட்டான். காபி ஆறி ஆடை படரும்வரை காத்திருந்தான். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நாளைக்கு வாரேன்."

தினமும் வருகிறான். விலைவாசி பேசுகிறோம், மழை பேசுகிறோம். இருவரும் கதையை எடுப்பதில்லை. சின்ன அண்ணனின் கை இன்னும் அந்தப் பூவின் மேல்தான் இருக்கிறது.