இன்னும் செய்யாத விளையாட்டுக்கு முன்பணம்

யாரோ எங்கோ செய்யப்போகிற வீடியோ கேமுக்கு இணையத்தில் முன்பணம் கட்டிவிட்டு, வருமா வராதா என்று காத்துக் கிடப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் மட்டும் கிடையாது. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் போடுவது என் பிழைப்பு, இது என் பித்து. இதே பித்துப் பிடித்தவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அப்பாவின் கேள்வி

அப்பா மாந்தோப்புகளைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர். காற்றடித்தால் போச்சு, மழை பெய்தால் போச்சு என்கிற சூதாட்டம் அது. அவரே என்னைத் திட்ட வந்தபோது, "நீங்க மட்டும் என்னவாம்?" என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"நான் பூவையாச்சும் பாத்துட்டுக் குடுக்கிறேன். நீ எதடா பாத்துக் குடுத்த?"

அரக்கன் கோட்டை

ஒரு விளையாட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்கெல்லாம் அதில் வரும் ராஜ்யத்தின் வரைபடத்தைத் துணியில் அச்சடித்து அனுப்பினார்கள். துணி வந்தது. விளையாட்டு வரவில்லை. செய்தவர்கள் ஆளையே காணோம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் அம்மா அந்தத் துணியை மிக்சிக்கு உறையாகத் தைத்துவிட்டார், அரக்கன் கோட்டை சரியாக மூடிமேல் வருகிற மாதிரி.

"நல்ல கனமான துணிடா. இன்னொண்ணு வருமா? கிரைண்டருக்கு ஆகும்."

செல்வம் அண்ணன் குரல்

அடுத்தது வெளிநாட்டுக்காரர்கள் செய்யும், மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் விளையாட்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் நாம் அனுப்பும் குரலையும் சேர்ப்பார்களாம். ஏலக்காய் எடுக்கும் ஆட்களைத் தினமும் எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போகும் செல்வம் அண்ணனைவிட வேறு யார் இருக்கிறார்கள்? ஜீப் ஸ்டாண்டில் செல்போனை நீட்டினேன், அவர் ஆள் ஏற்றும்போது கத்துகிற மாதிரியே கத்தினார், அப்படியே அனுப்பிவிட்டேன்.

தன் குரல் விளையாட்டில் வரப்போகிறது என்று அண்ணன் குரங்கணி ஊர் வரைக்கும் சொல்லிவைத்துவிட்டார். விளையாட்டோ தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. "என்னப்பா, வெளிநாட்டு டிரைவரே!" என்று ஸ்டாண்டே அவரை ஓட்டியது. என்னால் அந்த மனுஷனுக்குத் தலைகுனிவு. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சந்து வழியாகப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் டீக்கடையில் பிடித்துவிட்டார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, என் குரல அவங்க தொலைச்சுப்புட்டாங்களா?"

வந்தேவிட்டது

போன மாதம் வந்தது! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திரையில் தொப்பி போட்ட ஒரு கரடி ஜீப்பை ஓட்டிவந்து நிறுத்தியது. "ஏறு ஏறு, இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம்!" சாட்சாத் செல்வம் அண்ணன் குரல். அவர் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

உடனே ஒரு பெண் குரல்: "எங்கிட்டு உக்கார, உன் தலையிலயா?"

அன்று பதிவில் அதுவும் விழுந்திருக்கிறது. தமிழ் தெரியாத புண்ணியவான்கள் இரண்டும் சேர்ந்ததுதான் வசனம் என்று நினைத்து, ஜீப்பில் இருந்த ஓர் ஆட்டின் வாயில் அந்தப் பெண் குரலை வைத்துவிட்டார்கள். கரடி நிறுத்தும்போதெல்லாம் ஆடு கேட்டது. ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. முன் சீட்டில் தூக்குவாளியோடு இருந்த மாரியக்கா, தினமும் அண்ணனிடம் இடத்துக்குச் சண்டை போடுகிறவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்டா அப்பு, அங்க போயியும் எனக்கு இவரோடதான் மல்லுக்கட்டா?"

கட்டினதில் பாதி காணாமல் போகும், மீதி காக்க வைத்தே கொல்லும், ஆனால் ஒன்று வந்து சேர்ந்துவிட்டால் அடுத்ததற்குக் கட்ட கை தானாகப் போய்விடுகிறது, என்ன செய்ய?