ஆறு வயசு கூடின ஆட்டக்காரன்

உண்மையைச் சொன்னா, இதை எழுதாம விடுவம் எண்டுதான் இருந்தனான். பழைய மாணவர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை தா எண்டு சிவா அண்ணை மூண்டு கிழமையாக் கரைச்சல். எங்கட காலேஜில நான் படிச்சது பத்தாம் வகுப்பு மட்டும், அதிலயும் பாதிநாள் மதில்ல இருந்துதான் படிச்சனான். எழுத வேற ஆக்கள் இருக்கினம், டொக்டர்மார், எக்கவுண்டன்மார். அவை எழுதினா ஒருத்தரும் வாசிக்காயினம். நான் எழுதினா பிழை பிடிக்கிறதுக்காவது வாசிப்பினம். ஆனா எழுதப் பஞ்சிப்பட்டதுக்கு உண்மையான காரணம் வேற. அதுக்குப் பிறகு வாறன்.

லண்டனுக்கு வந்த புதுசில என்னை முதல் குழப்பினது குளிரில்லை, ரீவி. தோர்ண்டன் ஹீத்தில ஒரு வீட்டு மேல்மாடியில அஞ்சுபேர் இருந்தம். ஞாயிறு பின்னேரத்தில அமெரிக்காக்காரன்ர புட்போல் காட்டுவாங்கள். தலையில சட்டி, தோளில தலகாணி, பந்தைக் கையால தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள், அதுக்குப் பேர் புட்போலாம். ஒருத்தன் மட்டும் பின்னால நிண்டு எறிவான். அவன் குவாட்டர்பாக். வீட்டில மூத்தவர் சிவா அண்ணை. அவருக்குத் தெரியாத விசயத்தையும் விளங்கப்படுத்துவார். "அவன்தான் மூளை. ஆள் நிக்கிற இடத்துக்கு எறியான், ஆள் வரப்போற இடத்துக்கு எறிவான், பாருங்கோ" எண்டார். அண்டைக்குக் காட்டினவன் புதுசு. காலேஜில பெரிய ஸ்டார், ஆனா புரொபெசனல்மாரோட நிண்டு பிடிப்பானோ எண்டு ரீவிக்காரன் கேட்டான். காலேஜ் எண்டா எங்கட மாதிரி, ஓ-எல் சோதினை எடுக்கிற பள்ளிக்கூடம் எண்டு நினைச்சம். அஞ்சுபேரில நாலுபேர் திரும்பிப் பாத்தது குசினி வாசலை. அங்க அன்ரன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டான்.

அன்ரன் எண்டது அவன்ர பேரில்லை. ஏன் மாத்தினன் எண்டு போகப்போக விளங்கும். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன், மெலிஞ்ச கால், எங்கட காலேஜ் டீமில நடுவில நிண்டு விளையாடினவன். நான் மதில்ல இருந்து பாத்திருக்கிறன். ஒருத்தரும் இல்லாத மூலைக்குப் பந்தை அடிப்பான், "விசரன்" எண்டு சனம் கத்தும், கத்தி முடிய முதல் அந்த மூலைக்கு எங்கட ஆளொருத்தன் ஓடி வந்திருப்பான். அன்ரன் வாய் திறந்து ஒருக்காலும் பந்து கேக்கமாட்டான். கேக்கத் தேவையில்லை, பத்துப்பேரும் அவனைத் தேடித்தான் தருவாங்கள்.

"காலேஜ் வேற, காசுக்கு விளையாடுறது வேற" எண்டார் சிவா அண்ணை. "அங்க பிழைவிட்டா மாஸ்டர் அடிப்பார். இஞ்ச பிழைவிட்டா அடிக்கமாட்டான், அடுத்தவனைப் போடுவான்."

"அப்ப எனக்கு இஞ்சதான் நல்லம் அண்ணை. அடி வாங்கிக் களைச்சுப்போனன்" எண்டு சொல்லிப்போட்டு அன்ரன் வெங்காயத்தை வழிச்சுச் சட்டியில போட்டான். பகிடி மாதிரித்தான் சொன்னவன். ஆனா அடுத்த நாள் விடிய, ஷிப்டுக்குப் போக முதல், பார்க்கைச் சுத்தி ஓடத் தொடங்கினான்.

இனி அவன் வந்த கதை. அவனை அனுப்பின ஏஜென்ட் ஒரு மூளைசாலி. இளம் பெடியன் எண்டா ஆமிக்காரர் செக்பொயின்டில இறக்குவாங்கள், குடும்பக்காரன் எண்டா விடுவாங்கள் எண்டு சொல்லி, இருபது வயசுப் பெடியனுக்கு ஆறு வயசைக் கூட்டி ஐடென்டிக் காட்டும் பாஸ்போட்டும் செய்து குடுத்தவன். மீசை வளக்கச் சொல்லி, பேர்சுக்குள்ள வைக்க ஆரோ ஒரு மனிசியும் கைக்குழந்தையும் நிக்கிற போட்டோவையும் குடுத்தவன். அன்ரன் அந்தப் போட்டோவை எறியேல்லை. "உன்ர மனிசி கடிதம் போட்டவவோ? மூத்தவன் நடக்கிறானோ?" எண்டு நான் நெடுகக் கேப்பன். "பல்லு முளைக்குதாம்" எண்டுவான்.

ஹீத்ரோவில அகதி எண்டு சொல்லேக்க பாஸ்போட்டில உள்ள வயசையே பதிஞ்சிட்டாங்கள். பேந்து மாத்தலாமோ எண்டு சொலிசிட்டரிட்டக் கேக்க, அங்க மொழிபெயர்க்கிற தமிழ் ஐயா சொன்னார்: "தம்பி, ஒண்டு பிழை எண்டு நீர் சொன்னா, மிச்சமெல்லாம் பிழையோ எண்டு அவங்கள் கேப்பாங்கள்." அவ்வளவுதான். ஊரில வயசு எண்டா அம்மாட்டக் கேட்டா, பெரிய மழை பெய்த வருசம் எண்டு ஒரு கணக்குச் சொல்லுவா. இஞ்ச பெயரைப் பத்து விதமாப் பிழையாச் சொல்லுவாங்கள், பிறந்த திகதியில மட்டும் பிழைவிடாங்கள். டொக்டரிட்டப் போனாலும், கவுன்சிலுக்குப் போனாலும், லைப்ரரிக் காட்டுக்கும் முதல் கேள்வி அதுதான். நிரப்பிக் குடுக்கிற ஒவ்வொரு போமிலயும் அன்ரன் இன்னொருக்கா ஏஜென்டுக்குப் பிறந்தான்.

பார்க்கில நாயோட நடக்க வாற டெரெக் எண்ட கிழவன், நாங்கள் விளையாடுறதை வேலியில சாஞ்சுகொண்டு பாக்கிறவன். ஒருகாலத்தில தெற்கு லண்டனில ஒரு புரொபெசனல் கிளப்புக்குப் புல்லு வெட்டினவன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெடியன் எங்க படிச்சவன்?" எண்டான். "காலேஜ்" எண்டன் பெருமையா. ஆள் பெரிய படிப்புக்காரன் எண்டு நினைச்சிட்டான் போல, அதுக்குப் பிறகு அன்ரனைக் கண்டா தொப்பியைத் தூக்குவான். அந்தக் கிளப்பில, விளையாடவிட்டுப் பாத்து ஆளெடுக்கிற ட்ரயல் ஒண்டை ஒழுங்குபடுத்தித் தந்ததும் அவன்தான்.

அன்ரன் வந்து ஒரு வருசம் கழிச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை காலமை. நான் மொழிபெயர்ப்பாளன். அன்ரனை விட எனக்கு இங்கிலிசு குறைவு, ஆனா வெக்கமும் குறைவு. வந்திருந்த இருபது பெடியளுக்கும் பதினேழு, பதினெட்டுத்தான் இருக்கும், கழுத்தெல்லாம் கண்டுக்குட்டி மாதிரி. நிலம் சேறு. வாளிக்குள்ள கால் வைச்ச மாதிரி ஓடவேணும். முதல் இருவது நிமிசம் ஒரு பந்தும் அன்ரனுக்கு வரேல்லை. இஞ்ச எல்லாரும் கத்துறாங்கள், கத்தினவனுக்குத்தான் பந்து. எங்கட ஆள் மாதாவின்ர சுருவம் மாதிரிப் பேசாம நிக்கிறான். "வாயைத் திறவன்ரா" எண்டு நான் கத்தினன். எனக்கு வந்தது பந்தில்லை, கோச்சின்ர முறைப்பு.

பிறகு என்ன நினைச்சானோ, பின்னுக்குப் போய் ஒருத்தன்ர காலில இருந்து பந்தை எடுத்தான். ரெண்டுபேரை வெட்டினான். தலையை நிமித்தாம வலது மூலைக்கு நீட்டி ஒரு அடி. அங்க ஒருத்தரும் இல்லை. ஒரு செம்பட்டைத்தலைப் பெடியன் அப்பத்தான் ஓட யோசிக்கிறான். பந்து விழ அவன் அங்க நிக்கிறான். கோச் ஊதுகுழலை வாயில இருந்து எடுத்ததைக் கண்டனான். அதுக்குப் பிறகு பெடியள் தாங்களாவே அன்ரனைத் தேடிப் பந்து குடுத்தாங்கள். ஊர் மாதிரி.

முடிய, கோச் கையில ஒரு போமோட வந்தார். "வியாழன் வாறாயோ?" எண்டு கேட்டார். மொழிபெயர்ப்பாளன் எண்டு நான்தான் பேனையை வாங்கினன். பேர் எழுதினன், விலாசம் எழுதினன். மூண்டாவது பெட்டி பிறந்த திகதி.

"உண்மையைப் போடு மச்சான்" எண்டான் அன்ரன் மெதுவா.

"உனக்கென்ன விசரோ?"

"பந்துக்குத்தானே கேக்கிறாங்கள். போடு."

இங்கிலாந்தில நிரப்புற போம் எல்லாம் கடைசியில ஒரே அறைக்குத்தான் போய்ச் சேரும் எண்டு அந்த நேரம் நம்பிக்கொண்டிருந்தம். அந்த அறையில ஒருத்தன் இருந்து ஒண்டோட ஒண்டை வைச்சுப் பாப்பான். ரெண்டு பேரின்ர அகதிக் கேசும் ஒரே சொலிசிட்டரிட்ட, அவன்ர பைலுக்கு மேல என்ர பைல். அவன் பிடிபட்டா என்னையும் கிண்டுவாங்கள் எண்டு பயந்திட்டன். அவனைக் காப்பாத்திறன் எண்டு சொல்லிக்கொண்டு, அவன் பாத்துக்கொண்டிருக்க, ஏஜென்ட் குடுத்த திகதியை எழுதினன்.

கோச் போமைப் பாத்தார், முகத்தைப் பாத்தார், திரும்பப் போமைப் பாத்தார். "ருவென்ரி செவனோ?"

அந்த நேரத்தில ஒண்டும் பேசாம இருந்திருக்கலாம். என்ர வாய் விடாது. "யெஸ் சேர். ஹீ லுக் யங். கொக்கனட் ஒயில்" எண்டன். கோச் விழுந்து விழுந்து சிரிச்சார். நல்ல மனிசன். சிரிச்சு முடிய, அன்ரன்ர தோளில கையை வைச்சு, தாங்கள் எடுத்து வளக்கிறது சின்னப் பெடியளை எண்டும், ஆறு வருசத்துக்கு முதல் வந்திருந்தா கதை வேற எண்டும் சொன்னார். அவர் சும்மா வாயில வந்த கணக்கைச் சொன்னவர். எங்களுக்குத்தான் அது அச்சொட்டா இருந்தது. அன்ரன் "தாங்க்யூ" எண்டான். அண்டு முழுக்க அவன் கதைச்ச ஒரே இங்கிலிசு அது.

பஸ்ஸில திரும்பி வந்தம். வீட்டுக்கிட்ட வர, "எண்ணெய் முடிஞ்சுது, வாங்கவேணும்" எண்டான். தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ எண்டு கேக்க வாய் உன்னிச்சு. முதல் தரமா அடக்கினன்.

அதுக்குப் பிறகு எட்டு வருசமா, கடையிலயும் கலியாணவீட்டிலயும் இந்தக் கேள்வி வரும்: அன்ரன் பெரிய ஆட்டக்காரனா வந்திருப்பானோ? வரமாட்டான் எண்டு முதல் சொல்லுறவன் நான்தான். சேத்தில ஓடத் தெரியாது, கத்தத் தெரியாது, எலும்பு காணாது, காலேஜ் ஆட்டம் காலேஜோட சரி. அடுக்கிக்கொண்டு போவன். சிவா அண்ணை கூட ஒருநாள், "நீ ஏன் தம்பி இவ்வளவு அவசரமா இல்லை எண்டுறாய்?" எண்டு கேட்டவர். எழுதப் பஞ்சிப்பட்டதுக்குக் காரணம் இதுதான். அவன் வந்திருக்கமாட்டான் எண்டா நான் அந்தப் பெட்டியில எழுதினது ஒண்டுமில்லை. வந்திருப்பான் எண்டா நான் நித்திரை கொள்ளேலாது. வந்திருப்பானோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியவேண்டிய வியாழக்கிழமையை நான்தான் வரவிடேல்லை.

இப்ப அவன் சட்டன் எண்ட இடத்தில ஒரு பெற்றோல் ஸ்டேசனுக்கு மனேஜர். உண்மையான மனிசி, உண்மையான குழந்தை. இந்தக் கோடைக்குப் பழைய மாணவர் போட்டியில முப்பத்தைஞ்சுக்கு மேற்பட்டோர் ஆட்டம் நடந்தது. அன்ரன் இறங்கினான். தொந்தியும் முழங்கால் பட்டியுமா மூச்சு வாங்கிற மாமாமாருக்கு நடுவில இருபத்தொன்பது வயசுக்காரன். மற்றக் காலேஜ்காரர் சண்டைக்கு வந்திட்டினம், "உவர் முப்பத்தைஞ்சோ? எங்களுக்கென்ன கண்ணில்லையோ?" எண்டு. அன்ரன் கோட்டுக்கு வெளியில வந்து, பையுக்குள்ள இருந்து பிரிட்டிஷ் பாஸ்போட்டை எடுத்து நீட்டினான். மகாராணியின்ர சிங்கம் போட்ட புத்தகம், அதுக்குள்ள ஏஜென்ட் கொழும்பில தந்த பிறந்தநாள். அவையும் சுத்திநிண்டு பாத்திட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போச்சினம். அண்டைக்கு அவன் அடிச்ச பந்து போய் விழுந்த மூலைகளுக்கு ஓடிப்போக ஒரு மாமாவாலயும் ஏலேல்லை.

ஆட்டம் முடிஞ்சு சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு இருந்தவனுக்குப் பக்கத்தில போய் இருந்தன். மலருக்கு எழுதப்போறன், பேரை மாத்திறன் எண்டு சொன்னன். பிறகு எட்டு வருசமாக் கேக்காததைக் கேட்டன்: "மச்சான், அண்டைக்கு நான் உண்மையை எழுதியிருந்தா, நீ வந்திருப்பியோடா?"

அவன் சேத்தைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "ஆரைக் கேக்கிறாய், அம்மா பெத்தவனையோ, ஏஜென்ட் பெத்தவனையோ?"