சீனி இருந்தும் கசந்த காப்பி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் சுருளிப்பட்டியில் சீனி மிஞ்சிக் கிடந்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஊரே கூப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு கன்ட்ரோல் கடை வாசலில் கால் கடுக்க நின்றது. வாங்கி வந்த சீனியை மற்ற வீட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்கள். நாங்கள் ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தோம். எங்கள் வீட்டில் சீனி செலவாகவில்லை என்று தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அத்தனை பாடும்.

அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்று. ஐயா நல்ல கட்டுமஸ்தான ஆள். காப்பி பாகு மாதிரி இருந்தால்தான் குடிப்பார். குடித்துவிட்டு அடியில் தங்கிய சீனியை விரலால் வழித்து நக்கவும் செய்வார். அப்படிப்பட்டவர் ஒரு கோடையில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தது ஆத்தாதான். உடனே வண்டி பூட்டி உத்தமபாளையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர் அவருடைய நீரில் நீல மருந்தை ஊற்றிக் காய்ச்ச, அது செங்கல் நிறமாக மாறியதாம். நீரிழிவு. சீனி, மண்டைவெல்லம், கருப்பட்டி எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, வைத்தால் ஆளைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் வழியிலேயே ஐயா ஒரு முடிவு செய்திருந்தார். எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “புள்ளையக் கட்டிக் குடுக்குற வரைக்கும் இது வெளிய தெரியக் கூடாது” என்றார். அப்பனுக்கு நீரிழிவு என்றால் மகளுக்கும் வரும், பேரப்பிள்ளைகளுக்கும் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் அறுந்துபோன சம்பந்தங்களை எங்களுக்கும் தெரியும்.

முதலில் ஆத்தா இரண்டு காப்பி போட்டாள், எங்களுக்குச் சீனி போட்டு ஒன்று, ஐயாவுக்கு வெறும் காப்பி ஒன்று. ஐயா தன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தம்ளர்களைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் எங்களுக்குக் காப்பி தொண்டையில் இறங்காது. கொஞ்ச நாளில் பானையில் இருந்த கருப்பட்டி குறைய ஆரம்பித்தது. எலி என்று நினைத்தோம். ஒருநாள் காலையில் ஐயாவின் தலையணை உறையில் எறும்பு வரிசையாக ஏறியபோதுதான் எலி யார் என்று தெரிந்தது. தங்கச்சி சிரித்துவிட்டாள். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். ஆத்தா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கருப்பட்டிப் பானையை எடுத்துக்கொண்டு போய், எலித் தொல்லை என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஒருத்தருக்குப் பத்தியம்னா இனிமே வீட்டுக்கே பத்தியம்” என்றாள்.

ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் நாங்கள் கலகம் செய்வோம் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் காப்பியில் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். அண்ணன் மட்டும் மோப்பம் பிடித்து, கம்பத்துக் காப்பிக் கடையில் போய்க் குடித்துவிட்டு வருவான். எனக்குத் தினமும் கஷாயம் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆத்தாவை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

பிறகு நாக்கு எப்படி மாறியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் வெறும் பால் இனித்தது. பூசணிக்காய்க் கூட்டு இனித்தது. வதக்கிய வெங்காயம் இனித்தது. சோற்றை நன்றாக மென்றால் அதுகூட இனித்தது. இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே போயிருந்தது என்று நானும் தங்கச்சியும் அதிசயப்பட்டுப் பேசிக்கொண்டோம். ஐயாவுக்கும் தாகம் அடங்கி, முகத்தில் பழைய களை திரும்பியது.

ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்தான். மாப்பிள்ளை விசாரிக்க ஐயா போடிப் பக்கம் போவார், சின்னமனூர்ப் பக்கம் போவார். போன இடத்தில் எல்லாம் தட்டு நிறையப் பலகாரம் வைப்பார்கள். யுத்த காலத்தில் பொத்திப் பொத்திச் சேர்த்த சீனியில் செய்த பலகாரம். வேண்டாம் என்றால் அவமரியாதை. காரணத்தைச் சொன்னால் சம்பந்தம் போச்சு. அதனால் அவர் சிரித்த முகமாக அத்தனையையும் தின்றுவிட்டு வருவார். வந்த மறுநாள் மறுபடி செம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார். என் கல்யாணம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. “எனக்குக் கல்யாணமே வேணாம் ஆத்தா” என்று ஒருநாள் அழுதே விட்டேன். “வாயைக் கழுவுடி” என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜெயமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தூரத்து உறவுதான். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, தாய்மாமன், இன்னும் சில பெரியவர்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் வழியில் நின்று நின்று, அவர்கள் வந்து சேரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. ஆத்தா அன்றைக்குச் சீனி டின்னைத் திறந்தாள். பாயசத்தில் போட்டாள், காப்பியில் போட்டாள். ருசி பார்த்தாள். “யப்பா, பாகா இருக்கு” என்றாள். தங்கச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, “தெவிட்டுது ஆத்தா” என்றாள். நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கும் பல் கூசுகிற மாதிரித்தான் இருந்தது.

எங்கள் நாக்கை நம்பித் தங்கச்சி காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. தம்ளரைக் கீழே வைத்தார். அடுத்தவரும் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா தம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக் காப்பியைக் குடிக்காமல் வைத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

மாப்பிள்ளையின் அம்மாதான் பதமாகக் கேட்டார். “ஏன் மதினி, கன்ட்ரோல்ல இந்த மாசம் சீனி போடலையா?”

ஆத்தா அதைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதற்குள் ஒத்தாசைக்கு வந்து, அடுப்படியில் சீனி டின்னைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுச் சித்திக்கு எங்கள் மானத்தைக் காப்பாற்றும் ஆவேசம் வந்துவிட்டது. “என்ன இப்படிக் கேட்டுப்புட்டீக! இவுக வீட்ல டின்னு நிறையச் சீனி கெடக்கு. இந்தா, உள்ள போயி நீகளே பாருங்க!”

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப, இருந்தும் நமக்குப் போட மனசில்ல. கெளம்புங்க போவோம்.”

ஒரு நாளும் யாருக்கும் கை சுருங்காத ஆத்தா, தன் வீட்டிலேயே கஞ்சப்பட்டம் வாங்கிக்கொண்டு நின்றாள். ஐயா அவளைப் பார்த்தார். அத்தனை மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், எழுந்து நின்று, “அவளை ஒண்ணும் சொல்லாதீக” என்றார். “எனக்கு நீரிழிவு. எனக்காக வீடே சீனியை விட்டுருச்சு. இவுகளுக்கு நாக்கு மாறிப்போச்சு. அவ நெறையப் போட்டதா நெனச்சுத்தான் குடுத்திருக்கா.”

“வியாதிக்கார வீடா?” என்று தாய்மாமன் முணுமுணுத்தார். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். அதே நேரம், இனிமேல் ஐயா எங்கேயும் போய்ப் பலகாரம் தின்ன வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அழுகிறேனா என்னவென்று எனக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கவில்லை. “எல்லாருமா விட்டீக? சின்னஞ்சிறுசுகளுமா?” என்று ஆத்தாவிடம் கேட்டார்.

“அவுகளுக்கு மட்டும் தனியா வச்சா, திருடித் திங்குறாக மதினி. என்ன செய்ய?” என்றாள் ஆத்தா.

அந்த அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னார். “எங்க அய்யாவுக்கும் இதான் இருந்துச்சு. அவுகளுக்குத் தனியா வடிச்சு வச்சுட்டு, நாங்க சுத்தி உக்காந்து பணியாரம் தின்னோம். அவுகளும் திருடித்தான் தின்னாக. நாங்க ஏசினோம். ஏச்சு வாங்கிக்கிட்டே செத்துப் போனாக.” தம்ளரை எடுத்து, முகம் சுளிக்காமல் அடிவரை குடித்துவிட்டு வைத்தார். தம்பியைத் திரும்பிப் பார்த்து, “ஏலே, உக்காரு. காப்பியக் குடி. இந்த வீட்ல பொண்ணெடுக்காம வேற எங்கன போயி எடுக்க?” என்றார். தாய்மாமன் வேப்பங்கொழுந்து தின்கிற முகத்தோடு குடித்து முடித்தார்.

மாப்பிள்ளை வீடு பார்க்க எங்கள் பெரியவர்கள் ஜெயமங்கலத்துக்குப் போனபோது நான் போகவில்லை. பெண் போகிற வழக்கமில்லை. திரும்பி வந்த ஆத்தா புடவைகூட மாற்றாமல் என்னிடம்தான் ஓடி வந்தாள். பந்தியில் இலைக்கு இலை லட்டு வைத்துக்கொண்டே வந்தார்களாம். ஐயாவின் இலைக்கு வந்ததும் அவர் கையைக் குறுக்கே நீட்டி, அந்தப் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, “எனக்கு வேணாம்ப்பா, நீரிழிவு” என்றாராம். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரிச் சிரித்தாராம். இதைச் சொல்லும்போதே ஆத்தா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.