படத்துக்குக் கீழே யார் பெயர்?

போன மாதம் ஒரு நாள், நல்லதண்ணியிலிருந்து சரோஜா போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"அண்ணே, எங்க வெப்சைட்ட மூடிட்டாங்கண்ணே!"

யார் மூடினார்கள்? எதற்கு மூடினார்கள்? அதற்குப் பதில் சொல்வதற்குள் இரண்டு தடவை மூக்கைச் சிந்திவிட்டாள்.

சரோஜா என் சித்தப்பா மகள். சிவனொளிபாத மலை அடிவாரத்தில் மூன்று அறை வைத்து ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறாள். டிசம்பர் போயா பௌர்ணமிக்குத் தொடங்கி மே மாதம் வரைக்கும் மலையேறும் சீசன். அந்த மாதங்களில் அறை நிறைந்தால்தான் மிச்ச மாதங்களில் வீடு ஓடும். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி, வாசல் வாசலாக ரூம் கேட்பார்கள். இப்போது போனில் படம் பார்த்து, புக் பண்ணிவிட்டுத்தான் ஹட்டனில் ரயிலை விட்டே இறங்குகிறார்கள். வெப்சைட் இல்லையா? அப்படி ஒரு வீடே ஊரில் இல்லை என்று அர்த்தம். சீசனுக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். விஷயம் இதுதான் — வெப்சைட்டின் முகப்பில் அவள் போட்டிருந்த அழகான தேயிலை மலைப் படம் யாரோ ஒரு போட்டோகிராபருடையது. அவர் இங்கிலீஷில் இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறார். இவள் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறாள். அவர் நேராக வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த கம்பெனியிடம் போய்விட்டார்.

"நெட்ல கெடந்துச்சுண்ணே. நெட்ல உள்ளது எல்லாருக்கும் பொதுதானே?"

"பக்கத்து வீட்டு வேலிக்கு மேல தொங்குற பேரிக்காயும் உனக்குப் பொதுவா?"

"கைக்கு எட்டுனா பறிக்கத்தான் செய்வேன்" என்றாள். அழுகைக்கு நடுவிலும் வாய் மட்டும் குறையவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கில்லாடி. பத்து வருஷமாக பிளாக் எழுதுகிறேன், ஒரு படத்துக்காகவும் இதுவரை யாரும் என் சட்டையைப் பிடித்ததில்லை. ஆகவே முதல் வேலையாக அந்த போட்டோகிராபருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் எழுத வைத்தேன். படத்தை எடுத்துவிடுகிறோம், தெரியாமல் நடந்தது... அவ்வளவுதான். நல்ல மனிதர். அன்று மாலையே சரி என்று பதில் போட்டார். இரண்டு நாளில் வெப்சைட் திரும்ப வந்தது — முகப்பில் படம் இல்லாமல், பல்லுப் போன வாய் மாதிரி.

பிறகு பாடம் ஆரம்பமானது. தேடுபொறி என்பது வழிகாட்டி, சொந்தக்காரன் அல்ல. அது காட்டுகிற படங்களில் முக்கால்வாசிக்கு வேறு யாரோ முதலாளி. ஆனால் அதே தேடுபொறியில், 'பயன்படுத்தும் உரிமை' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் பாவிக்க அனுமதி உள்ள படங்கள் மட்டும் வரும். வந்த பிறகும் அப்படியே அள்ளக்கூடாது. படம் இருக்கிற பக்கத்துக்கே போய், நிபந்தனையைக் கண்ணால் வாசிக்க வேண்டும். இலவசப் படம் கொடுப்பதற்கென்றே தளங்களும் உண்டு. அங்கேயும் அதே கதைதான், வாசிக்க வேண்டும்.

சிசி (CC) என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் சந்தோஷப்படலாம், எடுத்தவரே மற்றவர்கள் பாவிக்க விட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அதற்கு வால் இருக்கும். பீவை (BY) என்று இருந்தால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். என்சி (NC) என்று இருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது. சரோஜா ரூம் வாடகைக்கு விடுகிறாள், அது வியாபாரம்தானே? என்டி (ND) என்றால் வெட்டி ஒட்டி மாற்றிப் போடக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

"இவ்வளவு இருக்கா!" என்றாள் சரோஜா. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

முதலில் கிடைத்த படம் அருமை. அடியில் 'சிவனொளிபாத மலை, இலங்கை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. உச்சியில் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தெனம் பல்லு வெளக்கும்போது அந்த மலையத்தான் பாக்குறேன். எனக்கே கத சொல்றீங்களா? இதப் போட்டா வர்றவங்க ஸ்வெட்டர் பத்தாதுன்னு கம்பளி கேப்பாங்க."

இலவசப் படத்தில் அனுமதி சரியாக இருந்தாலும் விலாசம் சரியாக இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஆக, இன்னொரு மணி நேரம் தேடி, கடைசியில் ஒரு படத்தைப் பிடித்தேன். மஸ்கெலியா பக்கத் தேயிலை மலை. முன்னால் ஒரு பெண், முதுகில் கூடை, இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, முகம் நிறையச் சிரிப்பு. வியாபாரத்துக்குப் பாவிக்கலாம், எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும். போட்டோம். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தோம். வெப்சைட் ஜொலித்தது. அந்த வாரமே இரண்டு புக்கிங் வந்தது. சரோஜா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

கோழிக்கறி இன்னும் இலைக்கு வரவில்லை. வாசலில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். ஊதாப் புடவை, தலையில் பூ, கையில் போன்.

"இந்தப் படத்தப் போட்டது யாருங்க?"

"நான்தான்!" என்று எழுந்து நின்றேன். பாராட்ட வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். மறுபடி முகத்தைப் பார்த்தேன்.

கூடை இல்லை, படங்கு இல்லை. மற்றபடி அதே முகம்!

"எம் பேரு மகேஸ்வரி. இங்கேருந்து ரெண்டு தோட்டம் தள்ளித்தான் நம்ம லயத்து வீடு. மலையில டீ குடிக்கிற நேரத்துல பொண்ணுங்க போன்ல காட்டிச் சிரிக்குதுங்க. இத யாரக் கேட்டுப் போட்டீங்க?"

நான் சும்மா இருப்பேனா? லைசன்ஸை எடுத்து விளக்கினேன். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க சேர். படம் புடிச்சவரு உங்களுக்குக் குடுத்துட்டாரு. எங்கிட்ட அவரு கேக்கவே இல்லையே? கீழ ஒரு பேரு போட்டிருக்கீங்களே, அது யாரு?"

"அவருதாங்க."

"அப்ப எம் பேரு?"

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். 'தேயிலை பறிக்கும் பெண், இலங்கை' என்று இருந்தது. எழுதியவன் நான்தான்.

"காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போனா, செக்ரோல் புஸ்தகத்தப் பாத்து எம் பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க. ஓட்டு லிஸ்ட்லயும் இருக்கு. உங்க வீட்டு வாசல்ல என்னைய நிப்பாட்டி ஆள் கூப்புடுறீங்க, அங்க மட்டும் எனக்குப் பேரு இல்லையா? அன்னைக்கு என்னா மழ தெரியுங்களா? கால்ல அட்ட கடிச்சு ரத்தம். அவரு சிரிக்கச் சொன்னாரு, சிரிச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பத்து வருஷக் கில்லாடி, ஸ்கிரீன்ஷாட்டை மூடி வைத்தேன். போட்டோகிராபர் கொடுக்கக்கூடியது போட்டோகிராபருடைய உரிமையைத்தான். படத்தில் இருப்பவரின் முகம் அவர் கொடுக்கக்கூடிய பொருளே இல்லை, அதிலும் விளம்பரத்துக்கு! இது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். கூடையைப் பார்த்தேன், சிரிப்பைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

சரோஜாவின் முகம் வெளிறிவிட்டது. சீசனுக்கு எட்டு நாள். மறுபடியும் ஒரு புகார் போனால் கம்பெனிக்காரன் திறக்கவே மாட்டான்.

"இப்பவே எடுத்துடுறேன் அக்கா. தப்பா நெனைக்காதீங்க... மொதல்ல உக்காருங்க, சாப்புடுங்க" என்றாள்.

மகேஸ்வரி உட்கார்ந்தார். சாப்பிட்டார். கறியில் உப்புக் கம்மி என்றும் சொன்னார். கை கழுவிவிட்டு, "படமே வேணாம்னு நான் சொல்லலியே. நல்லதா ஒண்ணு எடுங்க" என்றார்.

சரோஜாவுக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடிப் போய், அலங்காரத்துக்கு மாட்டி வைத்திருந்த ஒரு பழைய கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத அங்கயே வைங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழம நான் கூடைய சொமக்கிறது இல்ல."

வாசலில் போய் நின்றார். பின்னால் மலை — பனிக்கட்டி இல்லாத, நிஜ மலை. சரோஜா தன் போனிலேயே எடுத்தாள். சிரிக்கச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அவராக ஒரு நிமிஷம் பொறுத்து, லேசாகச் சிரித்தார். படத்தை எங்கே போடுவோம், எதற்குப் போடுவோம் என்று ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினேன். 'ரூம் வெளம்பரத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

இப்போது சரோஜாவின் வெப்சைட்டைத் திறந்தால் முதலில் ஊதாப் புடவைதான். கீழே, 'மகேஸ்வரி, மஸ்கெலியா. படம்: சரோஜா' என்று இருக்கும். சீசனின் முதல் வாரத்துக்கு மூன்று அறையும் நிறைந்துவிட்டன. வருகிறவர்களில் பாதிப் பேர், "அந்த அம்மா எங்கே?" என்று கேட்கிறார்களாம்.

காசு கொடுக்காமல் படம் வேண்டுமா? தாராளமாகக் கிடைக்கும். வடிகட்டியைத் தட்டுங்கள், வாலை வாசியுங்கள், எடுத்தவர் பெயரைப் போடுங்கள். படத்துக்குள்ளே ஒரு ஆள் நின்றால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வழியில்லையென்றால் மலையை மட்டும் போடுங்கள், மலை கோபித்துக்கொள்ளாது. எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தப் பத்திக்கு மேலே ஏன் மகேஸ்வரியின் படம் இல்லை என்று கேட்கிறீர்களா?

போன் பண்ணிக் கேட்டேன். "அந்தத் தாள்ல இது இல்லையே சேர்... யோசிச்சு சொல்றேங்க" என்றிருக்கிறார்.