என் பேரில் ஒரு வாரண்டு

பினாங்கில் ஒரு ஆளைப் பிடிக்கிற போலீஸ்காரர் முதலில் அவனிடம் சொல்வது, பேச இஷ்டமில்லாவிட்டால் பேசாதே என்பதுதான். என் மளிகைக் கடை வாசலில், சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட ஒருவனிடம் அப்படிச் சொல்லக் கேட்டு, தராசில் பருப்பை வைத்தது வைத்தபடி நின்றுவிட்டேன். செஞ்சியில் பிறந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? எங்கள் பக்கத்தில் பேசாமல் நிற்கிறவனைத்தான் “வாய்ல இன்னாடா வச்சினுக்கிற?” என்று அதட்டுவார்கள். இங்கே வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இன்று இந்தத் தெருவில் கேசில் மாட்டிய தமிழன் யாராக இருந்தாலும் வக்கீலிடம் போகும் முன் என் கடைக்குத்தான் வருகிறான். “அண்ணே, ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்களா?” “அண்ணே, வாய்தாவுக்குப் போகலேன்னா என்ன ஆகும்?” “அண்ணே, பழைய கேசு, செத்துப் போயிருக்குமில்ல?” எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. வக்கீல்கள் புத்தகத்தில் படித்ததை நான் கூண்டில் ஏறிப் படித்திருக்கிறேன். அந்தக் கூண்டு பினாங்குக் கூண்டு அல்ல, எங்கள் செஞ்சிக் கூண்டு. செய்யாத குற்றத்துக்காக ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடும் முன் ஊரை ஒருமுறை பார்த்து வரலாம் என்று போன பயணம் அது. முப்பது வருஷம் கழித்துப் போகிறவன் சத்தமில்லாமல் போக முடியுமா? திண்டிவனத்திலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், அங்காளம்மனுக்கு நான் செய்த அபிஷேகத்தை மைக்கில் சொல்லச் சொன்னேன். “செஞ்சி முனுசாமி மகன் பினாங்கு ஏழுமலை” என்று மூன்று முறை சொன்னார்கள். போதாது என்று நான்காவது முறையும் நானே சொல்ல வைத்தேன். கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு ஒருவர் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை நான் தங்கியிருந்த தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“முனுசாமி மகன் ஏழுமலை நீதான?”

“நானேதான்” என்றேன், பெருமையாக.

“உன் பேர்ல ஒரு வாரண்டு மூணு வருசமா தூங்கினுகீது. எழுந்து வா.”

நான் பினாங்கு நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி, “வக்கீல் வராமல் நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன்.

“வாயத் தொறக்கச் சொல்லி யார்யா கேட்டது? கால எடுத்து வையி, அது போதும்” என்றார் ஏட்டு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி அமாவாசையன்று, மேல்மலையனூரில் ஒரு மல்லாட்டைக் களத்தில், அதாவது வேர்க்கடலை காயப்போடும் இடத்தில், சீட்டாடியதாகக் கேஸ். பிடிபட்டு, சொந்த ஜாமீனில் போன ஏழுமலை கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. அந்த மாசியில் நான் பினாங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற என் தம்பி தணிகாசலம், வெயில் ஏறாத நேரத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்று ஸ்டேஷனில் எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அவன்தான்.

வக்கீல் குமாஸ்தா ஜினதாஸ் நயினார் வீட்டுக்குப் போனோம். சட்டம் படிக்காமலே சட்டம் தெரிந்த மனிதர், என்னைப் போல. அவர் என்னைக் கேள்வி கேட்காமல் தம்பியைப் பார்த்தார்.

“ஏம்பா தணிகாசலம், அன்னிக்கு ஆடினது யாரு?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “பியூன் வேலைக்கு ஆர்டர் வர்ற நேரம்ணா. பேர் இன்னான்னு கேட்டாங்க. வாயில உன் பேரு வந்துடுச்சி.”

“ஊர்ல வேற பேரே இல்லியாடா?”

“மதிப்பான பேரா சொல்லணும்ல? நீ கடலுக்கு அந்தாண்ட கீற, உன்ன எவன் வந்து புடிக்கப் போறான்னு நெனச்சேன். மைக்கு வச்சி நீயே கூப்புடுவேன்னு யார் கண்டாங்க?”

நயினார் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து மூடினார். “இத நீட்டினா நீங்க வெளிய வந்துடலாம். அடுத்தாப்ல, பொய்ப் பேர் குடுத்ததுக்குத் தம்பி உள்ள போவார். சீட்டாட்டம் சில்லறைக் கேசு. இது அப்படியில்ல, பியூன் வேலை போயிடும். ஒத்துக்கினா சின்ன அபராதம், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிடும்.”

“அவ்வளவுதானா?”

“இங்க அவ்ளோதான். உங்க ஊர்ல எப்படின்னு எனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியும். பினாங்கில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்த மனுவில் ஒரு கேள்வி இருந்தது: எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா? உண்டு என்று எழுதினால் குடியுரிமை சந்தேகம். இல்லை என்று எழுதினால் பொய். தம்பிக்கோ கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இரண்டு பேர். பியூன் சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லை.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட் சட்டையின் உள்பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவோரம் பியூன் காக்கிச் சட்டையில் தம்பி நின்றான். இந்த ஊரில் என்னை யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

“சீட்டாடினது உண்மையா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“ஆடினேங்க.”

அவர் என் தங்கப் பித்தானையும் சென்ட் வாசனையையும் கவனித்திருக்க வேண்டும். “ஜெயிச்சியா?”

“தோத்துட்டேங்க.”

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அபராதம் கட்டி வெளியே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர். அவன் சொன்னது இதுதான்: “அன்னிக்கு நான் ஜெயிச்சேன்ணா. தோத்தேன்னு இன்னாத்துக்கு சொன்ன?”

ஆகவே கேட்க வருகிறவர்களுக்கு என் பதில்: வாரண்டு செத்துப் போவதில்லை, தூங்கும். ஒத்துக்கொண்டால் கோர்ட்டில் முடியும். அந்தக் காகிதம் அதற்குப் பிறகு எந்த மேஜைக்கெல்லாம் போகும் என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போலீசுக்கு உங்கள் பெயரையே சொல்லுங்கள். அடுத்தவன் பெயரை எடுத்தால் அவன் என்றைக்காவது கப்பலேறி வருவான்.

திரும்பி வந்து மனுவில் உண்மையை எழுதினேன். உண்மை என்றால், தண்டனை பெற்றேன் என்கிற உண்மை. இரண்டு மாதம் கழித்து பினாங்கு ஆபீசில் கூப்பிட்டார்கள். மலாய் அதிகாரி மரியாதையானவர், என்சிக் என்றுதான் என்னை அழைத்தார். ஒரு கையில் செஞ்சிக் கோர்ட்டுக் காகிதம், மறு கையில் என் பாஸ்போர்ட். அந்த அமாவாசைத் தேதியில் கோர்ட்டுக் காகிதப்படி நான் மேல்மலையனூரில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டுப்படி பினாங்கை விட்டு நகரவே இல்லை. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “மானா பெத்துல்?” என்றார். எது சரி என்று அர்த்தம்.

கோர்ட்டுக் காகிதம் பொய் என்றால் தம்பி உள்ளே போய்விடுவான். பாஸ்போர்ட் பொய் என்றால் இந்த நாட்டில் இத்தனை வருஷம் மூட்டை தூக்கியவன் இல்லாமல் போய்விடுவான். எனக்குத் தெரிந்த மலாய் கடை மலாய். அதில் ஒரே பதில்தான் இருந்தது.

“டுவா டுவா, துவான்” என்றேன். இரண்டுமே, ஐயா.

 அவர் தலையாட்டிவிட்டு, மனுவின் ஓரத்தில் 2 என்று எழுதி வட்டமிட்டார். இரண்டு ஊர் என்று புரிந்துகொண்டாரா, இரண்டு குற்றம் என்று எழுதிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. இன்னும் கடிதம் வரவில்லை.