ஜெனோவாவில் நிரப்பிய டீசல்

என் கணவரின் சாவுக்கு ராசன் அண்ணை காரணமல்ல. நான்தான் காரணம். சுவிசில், இந்த எம்மன்புரூக்கே ஊரில் நம்மவர்கள் நான்கு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருப்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவளும் நானே!

ராசன் என்பது அவருடைய உண்மைப் பெயரில்லை. மாற்றித்தான் எழுதுகிறேன். என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்... அப்படியானால் இது என்ன ஒப்புதல் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

ராசன் அண்ணை சனி, ஞாயிறுகளில் ஒரு சிறிய வாடகைக் கராஜில் நம்மவர்களின் வாகனங்களைத் திருத்துவார். எங்கள் டீசல் வான் வண்டியைத் தேடித் தந்ததும் அவர்தான். "ரீச்சர், இது மினுக்கிற சாமானில்லை, சத்தம் போடும். ஆனா ஒருக்கா வயித்தை நிரப்பினா பாரிசுக்குப் போய் வந்தும் பசிக்குதெண்டு சொல்லாது" என்றார். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் ரீச்சர்.

அந்த வானை நான் எவ்வளவு விரும்பினேன் தெரியுமா! கணவருக்கு ஓட்டத் தெரியாது, நான்தான் சாரதி. அகதி முகாமில் வெளியே போகவும் அனுமதி கேட்டு நின்றவள், பாரிசுக்கும் ஸ்ருட்கார்ட்டுக்கும் ஏழு பேரையும் சோற்றுச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த உறுமலில் மகள் அப்படியே உறங்கிவிடுவாள். எண்ணெய் அளவு காட்டும் முள் இறங்கவே மாட்டாது.

சுவிசில் டீசல் பெற்றோலைவிட விலை கூட. அதனால் காலி எண்ணெய்த் தாங்கியோடு எல்லை தாண்டி, வெளியே நிரப்பிக்கொண்டு வருவது என் கெட்டித்தனம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த மார்கழியில் இத்தாலியில், ஜெனோவாவில் இருக்கும் தங்கையிடம் போனோம். புறப்பட முன் ராசன் அண்ணை வானை முழுதாகப் பார்த்துத் தந்தார். ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தக் கடற்கரைச் சூட்டுக்கு விற்கிற டீசல் மலைக்குளிரில் மெழுகாக உறைந்துவிடும். அங்கே கொஞ்சமாக அடித்துவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் குளிர்கால டீசலால் நிரப்ப வேண்டும். நான் தலையாட்டினேன்.

ஜெனோவாவில் கழுத்துவரை நிரப்பினேன்.

"ராசன் வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்?" என்றார் கணவர். எனக்குத் தெரியும் என்றேன்.

எல்லை தாண்டி, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கொத்தார்ட் சுரங்கத்தைக் கடந்ததும் தேநீர் குடிக்க நிறுத்தினோம். மூக்கு விறைக்கும் குளிர். மறுபடி புறப்பட்டுச் சற்றுத் தூரத்தில் வான் மூச்சிழுத்தது... நின்றுவிட்டது. பொழுது சாய்கிற நேரம். கணவர் அவசரத் தொலைபேசியைத் தேடிச் சாலையோரமாக நடந்தார். பின்னால் வந்த கார் ஒன்று பனிக்கட்டியில் வழுக்கி அவர்மேல் பாய்ந்தது. மகள் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானைச் சூடான கராஜ் ஒன்றுக்குள் இழுத்துப் போனார்கள். அந்தச் சூட்டில், டீசலில் உறைந்திருந்த மெழுகு உருகிவிட்டது. மறுநாள் திறப்பைப் போட்டுத் திருகியதும் இயங்கியதாம்!

செத்தவீட்டுக்கு ராசன் அண்ணை வந்தார். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"ரீச்சர், எங்கை எண்ணெய் அடிச்சனீங்கள்?"

மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பதினொரு வயது. தகப்பனை இழந்தவள் தாயையும் இழக்க வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேனா, அல்லது எனக்காகவே பயந்தேனா?

"எல்லை தாண்டி இங்கத்தைய எண்ணெய்தான் அடிச்சனான். நீங்கள் சொன்ன மாதிரி."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை மற்றவர்கள் செய்தார்கள். பழுதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டான் என்று கணவரின் தம்பி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதன்பின் யாரும் ராசன் அண்ணையிடம் வாகனம் கொண்டு போகவில்லை, கராஜைப் பூட்டிவிட்டார். மாமா, மாமா என்று அவர் பின்னால் திரிந்த என் மகள், அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களாக இருந்தால் வாயைத் திறந்திருப்பீர்கள், இல்லையா?

இந்த ஆண்டுத் திவசப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ராசன் அண்ணை கோயில் வாசலில் நின்றார். நன்றாக மெலிந்திருந்தார்.

"எவ்வளவு யோசிச்சும் விளங்கேல்லை, ரீச்சர். என்னட்டைத்தான் எங்கையோ பிழை விட்டுப்போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். மகள் பக்கத்தில் நின்றாள்.

நான் அவரை மன்னித்தேன். இரண்டு கைகளையும் பிடித்து, மன்னித்தேன்! அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"நானெண்டால் மன்னிச்சிருக்க மாட்டன், அம்மா" என்றாள் மகள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் என் கையை விடவில்லை.